துப்பாக்கிப் பங்கு

என் அத்தை மான் சுடுவாள். இதை எங்கே சொன்னாலும் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. வனத்துறைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் பேரன், ‘இதையெல்லாம் வெளியில சொல்லாதீங்க தாத்தா’ என்று கதவைச் சாத்துகிறான். ஏன் சொல்லக்கூடாது? தடைச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம் அது. அத்தை சுட்டது தன் ஏலத்தோட்டத்துக்குள் வந்த மிளா மானை. வருஷத்துக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. பெட்டையைச் சுட்டதில்லை. இன்று போடிமெட்டுச் சாலையில் ஒரு காட்டுமாடு தலைகாட்டினால், வண்டியை நிறுத்திவிட்டு ஒன்பது பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு அதன் மூக்கு வரை போகிறார்கள். இவர்களை விடவா அத்தை காட்டுக்குக் கெடுதல் செய்துவிட்டாள்? கேட்டால் பேரன் பரீட்சைப் புத்தகத்தைத் தூக்கிக்கொள்கிறான். எனவே எழுதுகிறேன்.

அத்தை என் அப்பாவுக்கு அக்காள். போடிமெட்டுக்குக் கீழே சரிவில் அவளுக்கும் மாமாவுக்கும் நான்கு ஏக்கர் ஏலம். மாமா காய்ச்சலில் இறந்தபோது அவளுக்குப் பிள்ளை கிடையாது. இருந்தது அந்தத் தோட்டமும், ஒரு நாயும், மாமாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் மாமா பெயரில். சட்டப்படி அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்க வேண்டும். அத்தை ஒப்படைக்கவில்லை. ‘நான் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பன்னி வந்து கெழங்கெல்லாம் பேத்துப்புடும். பெறகு ஏட்டையாவா வந்து நட்டுக் குடுப்பாரு?’ என்றாள். லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி மனுக் கொடுத்திருந்தாள். அதே துப்பாக்கிக்கு இன்னொருவரும் மனுக் கொடுத்திருந்தார். அவர் மாமாவின் தம்பி. எனக்குச் சின்ன மாமா. போடியில் ஏலக்காய் வியாபாரம்.

தை பிறந்ததும் இந்த மனுக்களை விசாரிக்க மணியக்காரர் வருவார். துப்பாக்கி யாருக்குச் சேர்ந்தது என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்பார். அவர்கள் வாயிலிருந்து எந்தப் பெயர் வருகிறதோ அதுதான் தாசில்தாருக்குப் போகும். துப்பாக்கி இல்லாமல் அந்தச் சரிவில் ஒரு மகசூல் எடுக்க முடியாது. அது போனால் தோட்டமும் பின்னாலேயே போகும். சின்ன மாமாவின் கணக்கு அதுதான். ‘பொம்பள தனியா மலையில இருக்கிறதாவது, பேசாம கீழ வந்திருங்க மதினி, தோட்டத்த நான் பாத்துக்கிடுறேன்’ என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் அப்பாவும் அதே பாட்டைத்தான் பாடினார். அத்தை இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பினாள்.

அரைப்பரீட்சை லீவுக்கு என்னை மலைக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது.

வேட்டையில் அத்தைக்கு இருந்த அபிப்பிராயங்கள் ஒன்றிரண்டல்ல. அவற்றில் எதையும் யாருக்காகவும் அவள் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. டார்ச் அடித்து மான் சுடுவது வேட்டையில்லை, களவு. பூட்ஸ் போட்டவன் காட்டுக்குள் போவதும் தமுக்கடித்துக்கொண்டு போவதும் ஒன்று. அவள் மாமாவின் பழைய காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்வாள். வெறுங்காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவிக்கொள்வாள். அட்டை ஏறாது. தலைக்கு வாசனை எண்ணெய் வைத்தவர்களைக் கூட்டிப்போக மாட்டாள். ஆனால் ஏலக்காய் வாசம் பரவாயில்லையாம். இந்த மலையில் மானுக்கே அந்த வாசம்தான் என்பாள்.

எல்லாவற்றையும்விடத் தோட்டா விஷயத்தில்தான் அவள் கறார். அந்தக் காலத் தோட்டாவுக்கு உடம்பு காகித அட்டை, அடிப்பக்கம் மட்டும் பித்தளை. மலை ஈரத்தில் கிடந்தால் ஊதிப்போய்க் குழலுக்குள் நுழையாது. அதனால் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு ஸ்டோரின் வெளிச்சுவர் மாடத்தில் வைத்திருந்தாள். ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். அந்த மாடத்தில் சூடு இதமாக இருக்கும், தோட்டா கெடாது. மாமா விட்டுப்போனது பத்தொன்பது. நான் போனபோது பதினொன்று மீதி. ஏழு, நாலாம் நம்பர். காட்டுக்கோழிக்கு உள்ள பொடி ரவை. நான்கு, எல்.ஜி.; உள்ளே ஆறே ஆறு பெரிய குண்டு, மிளாவுக்கும் பன்றிக்கும் உரியது. எல்.ஜி.யைப் பித்தளை மேலே வரும்படி தலைகீழாக நிறுத்தியிருப்பாள். இருட்டில் கைவிட்டாலும் தடவிப் பார்த்து எடுத்துவிடலாம். ‘பொடி ரவையப் போட்டு மிளாவச் சுடக்கூடாது மாப்ளே. அது சாகாது. புண்ணத் தூக்கிட்டு அலையும்’ என்பாள். என்னை அவள் மாப்ளே என்றுதான் கூப்பிடுவாள்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது சின்ன மாமா வந்தார். புது பூட்ஸ், அரைக்கால் சட்டை, ஐந்து கட்டை டார்ச்.

“என்ன தம்பி, பட்டாளத்துல சேந்துட்டீகளா?” என்றாள் அத்தை.

“சும்மா ஒரு மிளா அடிச்சுட்டுப் போலாம்னு வந்தேன் மதினி. அண்ணன் துப்பாக்கிய எடுத்து நாளாச்சுல்ல?”

அண்ணன் துப்பாக்கி என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். அத்தை காய் பறிப்பைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் சுவரிலிருந்து அதை இறக்கினார். மாடத்து டின்னைத் திறந்தார். தோட்டா என்றால் பித்தளை கீழேதானே இருக்க வேண்டும்? நேராக நின்றதில் இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வெயில் சாயும் வேளையில் சரிவின் மேற்கே ஒரு வெடி கேட்டது. அத்தை ஏலச் செடிகளுக்கு நடுவில் நிமிர்ந்து நின்றாள். இன்னொரு வெடி வரவில்லை. சற்று நேரத்தில் சின்ன மாமா மட்டும் வந்தார். இரண்டு காலிலும் அட்டை. முழங்காலுக்குக் கீழே ரத்தம்.

“பட்டுச்சா?” என்றாள் அத்தை.

“பட்டுச்சு மதினி. பெரிய கொம்பு. முன்னங்கால் மடங்கிச்சு. எந்திரிச்சு ஓடிருச்சு.”

“பின்னால போகலையா?”

“இருட்டப் போகுதுல்ல. அட்டை வேற பிடுங்குது.”

அத்தை குழலைத் திறந்து வெற்றுத் தோட்டாவை உருவினாள். அதன் மேலிருந்த எண்ணைப் பார்த்தாள். நாலாம் நம்பர். அவள் அவரைத் திட்டுவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவளோ சின்ன மாமாவின் காலுக்குச் சுண்ணாம்பு மட்டும் குழைத்துக் கொடுத்தாள்.

விடிந்ததும் அத்தையும், ஸ்டோரில் நெருப்புப் பார்க்கும் மலையாளத்துச் சேட்டனும், நாயும் கிளம்பினார்கள். நானும் வருவேன் என்று நின்றேன். “வரட்டும் சேட்டா. இங்கிட்டு விட்டா இவனும் பூட்ஸ் கேப்பான்” என்றாள். சின்ன மாமா வீங்கிய காலை நீட்டிப் போர்வைக்குள் கிடந்தார்.

அந்த நடையை நான் இன்று நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது. ஏலச் செடி தாண்டி, சோலைக்காடு தாண்டி, ஓடையோடு ஓடையாக இறங்கினோம். இலையில் துவரம்பருப்பு அளவு ரத்தம் இருக்கும். அடுத்த துளிக்குப் பத்தடி தேட வேண்டும். பிறகு நாய் நின்றது. ஓடைத் தண்ணீரில் மிளா நின்றுகொண்டிருந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்திருந்தது. மூட்டில் ஈ மொய்த்தது. எங்களைப் பார்த்தும் ஓடவில்லை.

அத்தை எல்.ஜி. ஒன்றைப் போட்டாள். முப்பது அடிகூட இருக்காது. ஒரே வெடி. மிளா தண்ணீரில் உட்காருவதுபோல் உட்கார்ந்து சாய்ந்தது.

“ராத்திரி பூராம் நின்னிருக்கு, பாவம்” என்றாள். இதைப் படித்துவிட்டு மானுக்காகக் கண் கலங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடிபட்ட மானைத் தேடிப் போய் நானும் பார்த்தவன். கலங்குவது சுலபம். அத்தை கிட்டே போனாள்.

வெடிச் சத்தம் கேட்டுப் பக்கத்து நான்கு தோட்டத்துக்காரர்களும் வந்து, மூங்கிலில் கட்டித் தூக்கிவந்தார்கள். ஸ்டோர் வாசலில் காட்டு வாழையிலை விரித்து, சேட்டன் கறி வெட்டிப் போட்டார்.

மலையில் வேட்டைக்கறி பங்கிட ஒரு முறை உண்டு. முதல் அடி யாருடையதோ அவருக்குத் தலை, கொம்போடு. துப்பாக்கிக்கு என்று ஒரு பங்கு. அது துப்பாக்கிக்குச் சொந்தக்காரருக்கு. நடந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, தூக்கினவர்களுக்கும் வந்து நின்றவர்களுக்கும் கைநிறைய. எந்தப் பங்கு யாருக்கு என்று உரக்கச் சொல்ல வேண்டும். வழக்கு இருந்தால் அப்போதே பேசிவிட வேண்டும். தலைக்கு உரியவர் தலையைத் தூக்கிவிட்டால் பங்கு முடிந்தது. அதற்கப்புறம் வாய் திறக்கிறவனை எந்தத் தோட்டத்திலும் மதிக்க மாட்டார்கள்.

சின்ன மாமா நொண்டிக்கொண்டே வந்து முன்னால் நின்றார். கொம்பைப் பார்த்ததும் அவர் முகம் விரிந்தது. நல்ல கொம்பு, பக்கத்துக்கு மூன்று கிளை.

“தலை, ஆத்யம் வெடி வச்ச ஆளுக்கு” என்றார் சேட்டன். எல்லாரும் சின்ன மாமாவைப் பார்த்தார்கள். “துப்பாக்கிப் பங்கு...” என்று இழுத்து நிறுத்தினார்.

“எனக்கு” என்றாள் அத்தை.

“அதெப்படி மதினி? அது அண்ணன் துப்பாக்கி. அண்ணனுக்கப்புறம் நாந்தானே?”

ஒரு தோட்டக்காரர், “வெரசா முடிங்கப்பா, ஈ திங்குது” என்றார்.

அத்தை குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “சரி தம்பி, பேசுவோம். பொடி ரவையப் போட்டு மிளாவச் சுட்டது யாரு, அடிபட்டத விட்டுட்டு வந்து படுத்தது யாரு, அதையும் சேத்துப் பேசுவோம். விட்டுட்டு வந்தவனுக்குத் தலை உண்டான்னு இவுகளே சொல்லட்டும். வேண்டாம்னா நானும் அதக் கெளப்பல. தலை ஒங்களுக்கு, துப்பாக்கிப் பங்கு எனக்கு. சம்மதம்னா தூக்குங்க.”

சின்ன மாமா கொம்பைப் பார்த்தார். துப்பாக்கிக்கு வைத்திருந்த இலையைப் பார்த்தார். மறுபடி கொம்பைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, யோசித்தார். இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. என்னால் பொறுக்க முடியவில்லை.

“கொம்பு அத்தைக்குத்தான்!” என்று கத்தினேன். “அத்தைதான் சுட்டா! நீங்க அட்டைக்குப் பயந்து ஓடி வந்தீங்க!”

ஸ்டோர் வாசல் முழுக்கச் சிரித்தது. சேட்டன்கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. “வாய மூடு மாப்ளே. முதல் அடி அவுகளுதுதான்” என்றாள்.

சின்ன மாமாவின் காது சிவந்துவிட்டது. “முதல் அடி என்னோடது! எவன்டா இல்லைன்றது?” என்று குனிந்து, இரண்டு கொம்பையும் பிடித்துத் தலையைத் தூக்கினார்.

“கழிஞ்ஞு” என்றார் சேட்டன். முடிந்தது. துப்பாக்கிக்கு உரிய இலையை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தார். நான்கு தோட்டத்துக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் ஸ்டோருக்குப் பின்னால் போய் அழுதேன். அத்தை ஈரலைச் சுட்டு எடுத்துக்கொண்டு தேடி வந்தாள்.

“இப்ப எதுக்கு மாப்ளே அழுகுற? கொம்ப வச்சு என்ன கொழம்பா வைக்கப் போறோம்?”

“நீ தோத்துட்ட” என்றேன்.

“ஆமா, தோத்துட்டேன். தின்னு” என்றாள். அவள் முகத்தில் ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. ஈரல் நன்றாகத்தான் இருந்தது. அதையும் இன்றைக்கு மறுக்கமாட்டேன்.

தையில் மணியக்காரர் வந்து கேட்டபோது நான்கு தோட்டத்திலும் ஒரே பதில்தான் வந்ததாம். துப்பாக்கிப் பங்கு வாங்கினது அந்தம்மா, கொழுந்தனாரும் சம்மதித்துத் தலையைத் தூக்கினார், எங்கள் கண்முன்னால் நடந்தது என்று. அத்தை அதற்கப்புறம் இருபத்தெட்டு மகசூல் எடுத்தாள். சட்டம் வந்ததும் மான் சுடுவதை விட்டாள், துப்பாக்கியை விடவில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு சேர்த்துப் பார்த்துக்கொண்டவை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன மாமாவோடு ஒரே ஜீப்பில் ஊர் திரும்ப வேண்டும் என்பதுதான். மறுநாள் காலை தோட்ட ஆட்களை ஏற்றிவந்து இறக்கிவிட்டுக் கீழே போகும் ஜீப்பில், அத்தை எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டாள். சாக்கில் சுற்றிய கொம்பை அவர் மடியில் வைத்திருந்தார். நான் அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்து, வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். அவர் முதலில் கொம்பைப் பற்றி டிரைவரிடம் பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தார். ஐந்தாவது வளைவில் டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“கொம்பு சரிண்ணே. துப்பாக்கியக் கொண்டாரலையா? அதுக்குத்தான போறேன்னீக?”

சின்ன மாமா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கொம்புச் சாக்கை மடியிலிருந்து காலடிக்கு இறக்கினார்.

மனிதர் கொம்புப் பெருமையில் துப்பாக்கியை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். நானும் பேச்செடுத்தால் ஜீப்பைத் திருப்பச் சொல்லி எடுத்துவரப் போய்விடுவார். அதனால் நானும் ஒன்றும் தெரியாதவன்போல வெளியே பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன்.