உறைக்கு இரண்டு கரண்டித் தூள்

அன்று தபால் கந்தோரில் இருந்தவர்கள் நாலு பேர்: அம்மா, நான், யாழ்ப்பாணத்துத் தபால் ஐயா, முத்திரை வாங்க வந்த கடை முதலாளி. இன்னும் ஒருவர் கூட இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

அண்ணன் மாமாவோடு கப்பலேறித் திருச்சிப் பக்கம் போய் அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். திரும்பி வர அவரிடம் இந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதம் இல்லை. போய்ப் பார்க்க எங்களிடம் எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. கடிதம் ஒன்றுதான் வழி. நாலாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான்தான்.

முகாமில் தரும் தேத்தண்ணி கழுநீர் மாதிரி இருக்கிறது என்று ஒரு முறை எழுதியிருந்தார். அன்றிலிருந்து, தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூளில் இரண்டு கரண்டி எடுத்து ஒவ்வொரு உறையிலும் போட்டேன். தேயிலையை வெளிநாட்டுக்கு அனுப்பினால் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம். அதனால் நிறுக்கக் கொடுக்காமல், வழக்கமான முத்திரையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மலையேறுவேன்.

பிறகு பனிமலை எல்லையில் சீனாக்காரனோடு சண்டை மூண்டது. தேத்தண்ணியைப் பற்றி எழுதியதோடு அண்ணனின் கடிதம் நின்றது. சண்டை முடிந்ததாகக் கடை ரேடியோ சொன்ன பிறகு ஏழாவது உறையையும் போட்டேன். பதில் இல்லை. கொழுந்து எடுக்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு: அண்ணன் உயிரோடு இல்லை. இல்லாவிட்டால், என் தூளால் அவரைப் பிடித்து அடைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் தபால் கந்தோருக்கு வரச் சொல்லித் துண்டு வந்தது. ஏழு உறைகளும் சணலால் கட்டி மேசைமேல் கிடந்தன.

“பாரம் கூட, பிள்ளை. அதுக்கு ஒட்டின முத்திரை காணாது. அங்கை எடுக்கிற ஆள் காசு கட்டேல்லை. இனி நீங்கள்தான் கட்டவேணும், ஒண்டுக்கு அறுபது சதம்” என்றார் தபால் ஐயா.

“உள்ளுக்குக் கல்லையா வச்சு அனுப்புனீங்க?” என்றார் முதலாளி.

“காசு கட்ட ஆள் இருந்துச்சாங்க, ஐயா?” என்றாள் அம்மா.

“பின்பக்கத்திலை ஏதும் எழுதியிருக்கும். காசைத் தந்திட்டுப் பாருங்கோ.”

அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தது அறுபத்தைந்து சதம். “ஒன்னு குடுங்க. கடைசியாப் போட்டது.”

“மொதல்ல போட்டத வாங்குவோம்மா.”

“அது பழசுடி!”

பழசு என்பதால்தான் கேட்டேன். அது போன நாளில் அண்ணன் நிச்சயமாக உயிரோடு இருந்தார்.

ஐயா முத்திரைத் தேதி பார்த்து ஒன்றை உருவிக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே பென்சிலில் அண்ணனின் கோணல் எழுத்து: “கட்டக் காசில்லை. வாசம் வருது. தூள் போடாம எழுதுங்க.”

“அடேயப்பா, வாசத்த மட்டும் ஓசியில புடிச்சிருக்கான்!” என்றார் முதலாளி. இரண்டு மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எழுதித் திருப்பியனுப்பிய பின் எத்தனை நாள் போயிருக்கும்? மற்ற ஆறிலும் என்ன எழுதியிருப்பார்? கடன் கேட்க அம்மா திரும்பினாள். முதலாளி முத்திரையோடு தெருவில் இறங்கிவிட்டார். ஐயா உறைக் கட்டை மறுபடி இறுக்கி அலுமாரியில் வைத்தார். சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஆறு உறைக்குப் பாக்கி மூன்று ரூபாய் அறுபது சதம்.