பின்டயரில் நிற்காத காற்று

இல்லத்தரசி என்ற உத்தியோகத்தில் காற்றடிக்கும் இலாகாவும் அடக்கம் என்று கல்யாணத்துக்கு முன்பு உங்களிடம் யாராவது சொன்னார்களா? என்னிடமும் சொல்லவில்லை.

வந்த அன்றே குளியல்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் அரைமணி நேரம் சமதரையில் மெதுவாக சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். மனிதரோ தெருமுனைவரை தனியாக நடக்கவே பயந்துகொண்டிருந்தார். பெங்களூரில் இருக்கும் மகன் தன்னுடைய மலையேறும் சைக்கிளை அனுப்பிவைத்தான். எங்கள் தெருவில் வேகத்தடையைத் தவிர ஏறுவதற்கு மலை ஏது?

ட்யூப் இல்லாத டயராம். பார்சலில் பின்டயர் கழன்று, கெட்டுப்போன மோர் மாதிரி ஏதோ என் ஹாலில் ஒழுகிக்கொண்டிருந்தது. நகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டே உள்ளே விடும் கான்வென்ட்டில் படித்தவள் சும்மா இருப்பேனா? உள்ளும் புறமும் நார் போட்டுத் தேய்த்து, மொட்டைமாடியில் காயவைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: “ஆஸ்பத்திரியில இருந்து வந்தன்னைக்கு என்னையும் இப்படித்தான தேச்ச?”

கட்டைவிரல் பரிசோதனை

கோரிப்பாளையத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் காதர் பாய், டயரை மாட்டிக் காற்றடித்துக் கொடுத்தார். சாயங்காலம் கல் மாதிரி இருந்தது, காலையில் டீயில் நனைத்த பன். என்னவர் செருப்பை மாட்டுவார், டயரைக் கட்டைவிரலால் அழுத்துவார், முகத்தில் அப்படியொரு நிம்மதி வரும், பேப்பரோடு போய்ப் படுத்துவிடுவார். நான் காற்றடித்துக் கொடுத்தாலும், “பாதி வழியில காத்து இறங்கிட்டா?” என்பார்.

இரண்டு வாரம் இப்படியே போனது. அசையாமல் கிடந்தால் அந்த நெஞ்சு என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். பயந்தால் எனக்குக் கத்தத்தான் வரும். கத்தினேன். நிதானமாகப் பதில் வந்தது: “டயருக்கே தெம்பில்ல ஸ்டெல்லா, என்னைய மட்டும் ஏன் வெரட்டுற?”

தொட்டியில் கடுகு

வால்வைத் திருகினேன், சோப்பு நுரை தடவினேன். சகோதரிகளே, நீங்கள் செய்து தோற்றதையெல்லாம் நானும் செய்தேன். கடைசியில் சக்கரத்தைக் கழற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு காதர் பாயிடம் போனேன். தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். பெரிய ஓட்டை ஒன்றுமில்லை. விளிம்பு நெடுகக் கடுகு கடுகாகக் குமிழி.

“சின்னச் சின்னக் கசிவ அடைக்க உள்ள வெள்ளையா, பால் மாதிரி ஊத்தியிருப்பாகளேக்கா, அது எங்க?” என்றார். எனக்கு ஹாலில் ஒழுகிய மோர் ஞாபகம் வந்தது. பிறகு மகனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிரிக்கக்கூட இல்லை பாவி, மெதுவாகச் சொன்னான்: “அம்மா, நீ கழுவுனது அழுக்கில்ல, மருந்து.”

பாய் சொன்ன வைத்தியம்

மகன் அனுப்பிய பால் பாட்டிலோடு மறுபடி போனோம். இந்தத் தடவை வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். பாய் பாலை ஊற்றிக் காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டார். “இனிமே காத்து இறங்காதுல்ல?” என்று மிரட்டினேன். பாயோ என்னவர் பக்கம் திரும்பினார்: “ஓட்டுனாத்தான்ணே பால் சுத்திப்போயி அடைக்கும். பயந்து நிறுத்தி வச்சீகன்னா அடியிலயே கட்டிப்போயிரும்.”

தெப்பக்குளத்தில் ஒரு சுற்று

மறுநாள் காலை, வண்டியூர் தெப்பக்குளம். கட்டைவிரலுக்கு டயர் மசியவில்லை. என்னவருக்கு வேறு சாக்கும் அகப்படவில்லை, ஏறிவிட்டார். வயர்கூடையில் பம்பும் மாத்திரையுமாக நான் கரையில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. நடுமண்டபம் அவரை மறைத்த நேரத்தில் சொன்ன ஜெபத்தில் பாதி வார்த்தை விட்டுப்போயிருக்கும்.

வந்தார். சட்டை நனைந்திருந்தது. ஒரு காலை ஊன்றி நின்றவரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், குனிந்து டயரை அழுத்தினேன். கல். “போதும், வீட்டுக்குப் போவோம்” என்றேன். அவர் பெடலைத் தேடிக்கொண்டே சொன்னார்: “நீ செத்த உக்காரு ஸ்டெல்லா. இன்னொரு சுத்து போயிட்டு வாரேன்.”

அன்றைக்குப் பம்பைக் கூடையிலிருந்து எடுக்கவே இல்லை, ஆனாலும் இன்றுவரை சுமந்துகொண்டுதான் போகிறேன், காற்றடிக்கும் இலாகாவில் ஓய்வு வயது என்று எதுவும் வைக்கவில்லையே.