பூஜ்யத்துக்குக் கீழே

யுத்த பயத்தால் மூடிய பள்ளிக்கூடம் மறுபடி திறந்த வருஷம். மயிலாப்பூர் மாட வீதியில் இருந்தோம். என் பெண் கணக்குப் பரீட்சையில் பூஜ்யம் வாங்கி வந்தாள். பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்களைக் கேட்டிருந்தார்களாம். அவள் ஒன்றுமே எழுதவில்லை.

"போதும், படிப்பை நிறுத்திடுங்கோ," என்றாள் என் மனைவி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எண்ணுவதற்கு ஒன்று, இரண்டு வந்தது. பங்குபோட அரை, கால், மாகாணி வந்தது. ஒன்றுமில்லாததற்கும் பேர் வேண்டுமென்று பூஜ்யம் வந்தது. அதற்கும் கீழே என்ன இருக்கும்?

குழந்தை விசும்பினாள். "பூஜ்யம்னா வணங்கத் தக்கதுன்னு நீங்கதானேப்பா சொன்னேள்? அதுக்குக் கீழே எழுத பயமா இருந்தது."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வணங்கறவா எல்லாம் கீழேதானேடி இருக்கோம்? தைரியமா எழுது."

மறுநாள் அவளே தலை பின்னி, பூ வைத்து, பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.