குரங்குக் குல்லா

ஐசலின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்ன ரயில் நிலையம். சான் ஹோசேயிலிருந்து வந்திருக்கும் எனக்கு இந்தக் குளிர் தாங்கவில்லை. குரங்குக் குல்லாவைக் கண் மட்டும் தெரிய இழுத்துவிட்டுக்கொண்டு, ரயில்களைப் படமெடுக்கக் கேமராவோடு நடைமேடைக் கோடியில் நிற்கிறேன். ரயில் ஓட்டுநர்கள் வானொலியில் பேசுவதை ஸ்கேனரில் கேட்டு, அடுத்து என்ன வண்டி என்று சொல்வது நண்பன் செந்திலின் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு.

இப்போது கடந்துபோன வண்டியின் ஓட்டுநர் பதற்றமாகப் பேசுகிறார். நடைமேடைக் கோடியில் முகத்தை மறைத்த ஒருவன், கையில் ஏதோ கறுப்பாக வைத்திருக்கிறான், போலீஸுக்குச் சொல்லுங்கள் என்கிறார்.

"எங்கடா அவன்?" சுற்றிப் பார்க்கிறேன். எங்களைத் தவிர யாருமில்லை.

செந்தில் என்னையே பார்க்கிறான். "டேய், அது நீதான்டா! கேமராவ மெதுவா கீழ வச்சிட்டுக் கைய தூக்கு. குல்லாவ டச் பண்ணாத."

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவரின் கை துப்பாக்கி மேல் இருக்கிறது. கேமராவைத் தரையில் வைத்துவிட்டுக் கைகளைத் தூக்குகிறேன்.

நாங்கள் காத்திருந்த விரைவு வண்டி பனியை வாரியிறைத்துக்கொண்டு பாய்கிறது. தலையைத் திருப்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. செந்திலின் கோட்டுப் பைக்குள்ளிருக்கும் ஸ்கேனரில் அதன் ஓட்டுநர் நிம்மதியாகச் சொல்வது மட்டும் கேட்கிறது: ஆளைப் பிடித்துவிட்டார்கள்.