எல்லா மாதத்துக்கும் ஒரே தொரை

தொரையின் பெயரைத் திருடினாளாம்! திருடுவதற்கு அது என்ன மரத்தில் தொங்கும் பலாக்காயா? கீழ்லயத்துச் சுப்பம்மா தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, "செபஸ்ரியன் மக கம்பியூட்டருல கள்ளக் காயிதம் அடிச்சி மாட்டிக்கிட்டாளாம்டி, வெரட்டிட்டாங்களாம்" என்று சொன்னாளாம். கேட்ட நாலு பேரும் குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் வாயைப் பிளந்தார்களாம். சுப்பம்மாவுக்குக் கம்பியூட்டர் என்றால் ரேடியோவா, ரைஸ் குக்கரா என்று தெரியாது. தெரியாதது குற்றமில்லை, பாதித் தோட்டத்துக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்குத் தீர்ப்புச் சொல்வதுதான் குற்றம். நடந்ததைக் கேட்டுவிட்டு யாரை வேண்டுமானாலும் ஏசுங்கள்.

தெரணியகலைக்குப் போகும் வழியில் இருக்கிற அந்த இறப்பர் தோட்டத்தை அரசாங்கம் தொண்ணூற்றிரண்டில் கம்பனிக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் கம்பனியின் பெயர் மூன்று தடவை மாறியது. தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரைமார் ஏழு பேர் வந்து போனார்கள். மாறாமல் இருந்தவை தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் கூரைத் தகரமும் பெரிய கிளாக்கர் நல்லையாவும்தான். தொரை மாறும்போதெல்லாம் பங்களா கேட்டில் ஒரு சடங்கு நடக்கும். அங்கே ஒரு பெரிய பலகையில் தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கும். அதற்குக் கீழே இரண்டு கொக்கி. போகிற தொரையின் பெயர் எழுதிய சின்னப் பலகையைக் கழற்றிவிட்டு, வருகிற தொரையின் பலகையைக் கொக்கியில் மாட்டுவார்கள். ஐந்து நிமிட வேலைதான். தச்சர் அதற்கு அரைநாள் எடுத்துக்கொள்வார்.

ஆனால் ஆபீசில் அப்படி மாட்டிவிட முடியாது. மாதா மாதம் கொழும்புக்குப் பத்தொன்பது பக்கத்தில் அறிக்கை போக வேண்டும்: எத்தனை கிலோ இறப்பர் பால், எத்தனை ஆள், எவ்வளவு செலவு, எவ்வளவு நட்டம். ஒவ்வொரு பக்கத்தின் நெற்றியிலும் கம்பனியின் பெயர், தோட்டத்தின் பெயர், தொரையின் பெயர், மாதம், தேதி எல்லாம் இருக்க வேண்டும். கீழே கணக்குப் பிழைத்தால் தொரைமார் பொறுப்பார்கள். மேலே பெயர் பிழைத்தால் பொறுக்க மாட்டார்கள். ஒருமுறை ஒன்பதாம் பக்கத்தில் பழைய தொரையின் பெயர் அப்படியே தங்கிவிட்டது. புதிய தொரை காகிதக் கட்டைத் தூக்கி வீசினார்.

"கை பழகிருச்சிங்க தொரை" என்றார் நல்லையா.

"அப்ப கைய மாத்து!" என்றார் தொரை.

இந்த நிலையில்தான் கம்பனி ஒரு கம்பியூட்டரை அனுப்பியது. அது ஆபீசில் பதினொரு மாதம் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நல்லையா அதற்குச் சாம்பிராணி காட்டினார். இரண்டாயிரத்து மூன்றில் நிருஷா வந்துதான் துணியை எடுத்தாள். பால்வெட்டுகிற செபஸ்ரியனின் ஒரே மகள். கரவனெல்லையில் பஸ் மாறி, கேகாலைக்குப் போய், ஆறு மாதம் கம்பியூட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். லயத்துப் பிள்ளை ஆபீசுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்தது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. செபஸ்ரியன் அன்று மாதா கோயிலில் ஆறு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

முதல் இரண்டு மாதம் அவளும் பத்தொன்பது பக்கத்தின் நெற்றியையும் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். மூன்றாம் மாதம் பங்களா கேட்டைக் கடக்கும்போது அந்தப் பலகையைப் பார்த்தாள். மறுநாள் நல்லையாவிடம் போனாள்.

"கிளாக்கரையா, தொரை பேர ஒரே ஒரு எடத்துல எழுதி வைப்போம். மத்த பக்கத்துல எல்லாம் கொக்கி மட்டும் போட்டுடுறேன். இங்க எழுதினா அங்கெல்லாம் தானா வந்து தொங்கும்."

"தானாவா? யாரும் அடிக்காமயா?"

"ஆமாங்கய்யா. தேதியும்கூட அப்படித்தான்."

நல்லையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு என்னா புள்ள வேல?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு.

அப்போது இருந்தவர் மீசைத் தொரை. அவர் பெயரை ஓரிடத்தில் அடித்ததும் பத்தொன்பது பக்கத்திலும் அது வந்து உட்கார்ந்ததைக் கண்டு மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டார். பக்கத்துத் தோட்டத்துத் தொரைமாரைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துக் காட்டினார். பெயரின் பின்னால் பட்டம் என்று இன்னும் நாலு எழுத்தைச் சேர்க்கச் சொன்னார். அதுவும் பத்தொன்பது இடத்தில் வந்தது. அந்தக் குஷியில், "இனிக் காகிதம் எதற்கு? எல்லாம் பெட்டிக்குள் இருக்கிறதே" என்று சொல்லி, அலுமாரியில் இருந்த பழைய அறிக்கைகளையெல்லாம் இறப்பர் தாள் புகைபோடும் அறைக்கு அனுப்பிவிட்டார். ஒரு வாரம் அவைதான் அடுப்பில் எரிந்தன. "ஒவ்வொரு மாசமும் ஒரு பிரதி அடிச்சி வைப்போம் சேர்" என்று நிருஷா கேட்டாள். மாட்டேன் என்றார்.

அவள் விட்ட பிழையையும் சொல்லத்தான் வேண்டும். முடிந்துபோன மாதங்களின் அறிக்கையிலும் அவள் கொக்கியைத்தான் விட்டிருந்தாள். அங்கே பெயரை ஆணியடித்து நிறுத்தியிருக்க வேண்டும். பங்களா கேட்டுப் பலகையில் பழைய தொரைமாருக்கு இடமில்லைதானே? அதைப் பார்த்துப் படித்த பிள்ளைக்கு அது தோன்றவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தின் கடைசியில் மீசைத் தொரை பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். தொப்பித் தொரை வந்தார். நிருஷா புதுப் பெயரை அடித்தாள். அவர் பின்னால் நின்று, "இந்தத் தோட்டத்தில் நல்ல மாதம் எது? காட்டு" என்றார். அவள் முந்தின வருடத்து நவம்பரைத் திறந்தாள். அந்த மாதத்தைப் போலப் பால் வேறு எந்த மாதத்திலும் வந்ததில்லை. நெற்றியில் தொப்பித் தொரையின் பெயர் பளபளத்தது! அப்போதுதான் அவளுக்குத் தான் விட்ட பிழை தெரிந்தது.

"சேர், இது பிழைங்க. இது மீசத்... இது முந்தின தொரை மாசம். நான் பழைய மாசத்துக்கெல்லாம் பழைய பேரப் போட்டு இறுக்கிடுறேன்."

தொரை தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "இருக்கட்டும். அழகாத்தானே இருக்கு? ஒரு கொப்பி அடி" என்றார்.

அந்தப் பிரதி கொழும்புக்குப் போனது. இரண்டு வாரத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. வராத தோட்டத்தில் வெட்டாத பாலுக்கு வாங்கிய பாராட்டைத் தொரை கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். நிருஷா மூன்று தடவை போய்க் கேட்டாள். மூன்று தடவையும், "தொடாதே" என்றார்.

அடுத்த வருடம் மாசி மாதம் கொழும்பிலிருந்து கணக்குப் பரிசோதிக்கிற ஐயா ஒருவர் வந்தார். தடித்த கண்ணாடி. இரண்டு வருட அறிக்கையையும் அச்செடுத்துத் தரச் சொன்னார். இயந்திரம் காலையிலிருந்து பகல் வரை கக்கியது. எல்லாப் பக்கத்திலும் தொப்பித் தொரையின் பெயர், எல்லாப் பக்கத்திலும் அன்றைய தேதி. இருபத்துநான்கு மாதமும் ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள் மாதிரி மேசையில் கிடந்தன.

கண்ணாடி ஐயா ஒரு பங்குனி மாதத்தில் விரலை வைத்தார். "பதினொரு ஏக்கர் இறப்பர் மரம் காற்றில் விழுந்தது" என்று அதில் இருந்தது. விழுந்த மரங்கள் தாங்களாகவே துண்டாகி, தாங்களாகவே லொறியில் ஏறிப் போனதைத் தோட்டமே பார்த்தது. காற்று அடித்ததைத்தான் யாரும் பார்க்கவில்லை.

"இந்த மரம் எங்கே?" என்றார் ஐயா.

"நான் அப்போது இங்கே இல்லை!" என்று எழுந்தார் தொப்பித் தொரை.

"அதற்கு நாலு மாதம் முந்தி இருந்திருக்கிறீர்களே. பாராட்டுக் கடிதம்கூடச் சுவரில் தொங்குகிறது."

தொரை சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் நிருஷாவைப் பார்த்தார். "இவள்தான் பெயரை மாற்றியிருக்கிறாள்."

கள்ளி என்று பெயர் வாங்கிப் போனால் கேகாலை வரைக்கும் எந்த ஆபீசிலும் கதிரை கிடைக்காது. நிருஷாவுக்கு அது அந்த நிமிடமே விளங்கியது. நல்லையா தலையைக் கணக்குக் கொப்பிக்குள் புதைத்துக்கொண்டார். அவள் பயத்தை விழுங்கிவிட்டு, சுத்தமான சிங்களத்தில் கண்ணாடி ஐயாவிடம் கேட்டாள்:

"ஐயாவின் பெயர் என்ன?"

அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். அவள் ஓரிடத்தில் அடித்தாள், அச்சு விசையை அழுத்தினாள். பங்குனி மாதம் மறுபடியும் வெளியே வந்தது. பதினொரு ஏக்கர் மரமும் கண்ணாடி ஐயாவின் பெயருக்குக் கீழே விழுந்து கிடந்தது.

"மகே நம ஐன் கரன்ன!" என்று ஐயா கத்திய கத்தலில் வெளியே ஜன்னலில் நின்ற சுப்பம்மா இரண்டடி பின்னால் போனாள். "என் பெயரை எடு, இப்பவே எடு!" என்று அவரே காகிதத்தைப் பறித்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். சுப்பம்மா கேட்ட கள்ளக் காகிதக் கதை அவ்வளவுதான்.

ஐயாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதுதான் வினை. "அப்படியானால் இந்த மாதத்துக்கு உரிய பெயர் யாருடையது?" என்று கேட்டார். நிருஷா மீசைத் தொரையின் முழுப் பெயரையும் பின்னால் இருந்த நாலு எழுத்தையும் சேர்த்துச் சொன்னாள். மீசைத் தொரை இப்போது கொழும்பில் கண்ணாடி ஐயாவுக்கே மேலதிகாரி. ஐயா டெலிபோனைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து வந்து, தொப்பித் தொரையோடு தேநீர் குடித்தார். சற்று முன் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடிக்க நின்றவர்கள் இப்போது பிஸ்கட் தட்டை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளினார்கள்.

தேநீர் முடிந்ததும் நல்லையா ஒரு கடிதத்தை அடித்துக் கொண்டுவந்தார்.

"ஒரு கையெழுத்துத்தான் புள்ள. அறியாமப் பேர மாத்திட்டேன், மன்னிச்சிருங்கன்னு. வேலைய விட்டு நிப்பாட்ட மாட்டாங்களாம். புள்ளக் காம்பராவுக்கு, கைப்புள்ளைங்களப் பாத்துக்கிற வேலைக்கு மாத்துவாங்களாம். அப்பாவுக்கும் ஒரு தொந்தரவும் இல்ல."

"யாரு மாத்தினதுன்னு ஒங்களுக்குத் தெரியாதாங்கய்யா?"

"தெரியும். எனக்கு ரெண்டு வருஷத்துல பென்சன். அதுவும் தெரியும்."

நிருஷா கடிதத்தைப் படித்தாள். அதன் நெற்றியில் கம்பனியின் பெயர், தோட்டத்தின் பெயர், அதற்குக் கீழே தடித்த எழுத்தில், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு அவளுடைய பெயர். மூன்று வருடத்தில் ஒரு காகிதத்திலாவது மேலே வராத பெயர் அது.

"எல்லாருக்கும் எல்லா மாசத்துக்கும் பேரு போட்டுக் குடுத்தேன்" என்றாள். "நல்ல மாசம் வந்தா எடுத்துக்கிறாங்க, கெட்ட மாசம் வந்தா எங்கிட்டத் தள்ளுறாங்க. நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேங்க."

"யோசிச்சுப் பேசு!" என்றார் தொப்பித் தொரை.

"மூணு தடவை வந்து கேட்டேனே சேர், அப்ப நீங்க யோசிச்சிருக்கணும்."

அவள் கடிதத்தைக் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. மேசையில் அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். கம்பியூட்டரை முறைப்படி நிறுத்தினாள். சோற்றுப் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். அந்த ஆபீசில் கிளாக்கர்மார் பக்கவாசலால் வந்து போவார்கள். லயத்து ஆட்கள் ஜன்னலோடு சரி. முன்வாசல் தொரைமாருக்கு மட்டும்தான். அவள் மேசைகளுக்கு நடுவால் நேரே நடந்து முன்வாசல் கதவைத் திறந்தாள்.

"ஏ புள்ள, அது தொரை போற வாசல்!" என்று நல்லையா பதறினார்.

"தெரியுங்கய்யா" என்றாள் நிருஷா. "இதுதான் ரோட்டுக்குக் கிட்ட."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவள் படியில் நின்று குடையை விரித்தாள், இறங்கிப் போனாள்.