மச்சாள் வீட்டுக் கிணறும் கண்ணில்லாத இறாலும்

உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பிக்கிற எவரும் இறாலின் கால்களைக் கரும்பலகையில் வரைந்தே ஆகவேண்டும். நான் இருபது வருடங்களுக்கு மேலாக வரைகிறேன். மீசை, தாடை எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது சோடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை; நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் பிழை விடாமல் சொல்லுவேன். அப்படிப்பட்ட எனக்கு, கண்ணில்லாத இறாலொன்று முதன்முதலாகக் கையில் கிடைத்தபோது அது இறால் என்றே தெரியவில்லை. வெள்ளை நூல் துண்டு என்று நினைத்து வலையைக் கழுவி ஊற்றப் போனேன். நூல் துண்டு நீந்தியது.

வலையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி அங்கேயே தங்குகிறது, அதைத்தான் கிணறு வெட்டிக் குடிக்கிறோம். வெளிச்சமே படாத இப்படியான வெடிப்புகளுக்குள் வேறு நாடுகளில் குருட்டுப் பிராணிகள் வாழ்கின்றன என்று எங்கோ வாசித்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பனர் அச்சடிக்கிற கடையில் கெஞ்சி வாங்கிய மெல்லிய நைலோன் துணியைக் கூம்பாகத் தைத்து, பெயின்ற் வாளியின் கம்பியை வளையமாக்கி, மயிலிட்டித் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய ஈயக்குண்டைக் கட்டி ஒரு வலை செய்தேன். கலியாணம், செத்தவீடு, அந்தியேட்டி என்று எந்த வீட்டுக்குப் போனாலும் அது என் கைப்பைக்குள் வரும். சாப்பாட்டுப் பந்தியில் இருந்து எழும்பி நான் நேரே கிணற்றடிக்குத்தான் போவேன். ரீச்சர் கிணற்றுக்குள் மீன் பிடிக்கிறா என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் சிரிப்பு. கணவர் அந்த நேரங்களில் என்னைத் தெரியாதவர் போல நிற்பார். மூன்று வருடங்களில் எனக்கு அகப்பட்டவை நுளம்புக் குடம்பிகள், தவளை முட்டைகள், இரண்டு சவர்க்காரப் பெட்டிகள்.

பிறகு அந்த நூல் துண்டு. அது கிடைத்தது தெல்லிப்பழைக்கு வடக்கே, என் மச்சாள் வீட்டுக் கிணற்றில். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. இறாலுக்கு அரிசிமணி அளவான உடம்பு, கண்ணாடி போல உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு மாதம் கழித்து இன்னொன்று வந்தது. இரண்டையும் மதுசாரப் போத்தலில் போட்டு, படமெடுத்து, அந்தப் படங்களைத் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நன்னீர் இறால்களை ஆராய்கிற பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினேன். அவருக்குத் தமிழ் ஓரளவு விளங்கும், கதைக்க வராது. எங்கள் கதையெல்லாம் ஆங்கிலத்தில்.

இது இதுவரை எவரும் விவரித்து எழுதாத இனமாக இருக்கவேண்டும் என்று அவர் சொன்னார். எனக்கு அன்று முழுக்க வகுப்பில் கால் நிலத்தில் படவில்லை. ஆனால் ஒரு சிக்கல். என்னிடம் இருந்த இரண்டும் பெண்கள். இறாலில் ஆணுக்கு மட்டும் இரண்டாவது நீச்சல் காலின் உட்பக்கத்தில் சின்னக் குச்சி போல ஓர் உறுப்பு உண்டு. அதன் வடிவமும் அதில் உள்ள முட்களும் இனத்துக்கு இனம் மாறும். அதைப் பார்க்காமல் புதிய இனம் என்று எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். அவர் நீண்ட விடுமுறையில் வெளிநாடு போக இருந்தார். போவதற்கு முன் ஒரேயொரு சனிக்கிழமை யாழ்ப்பாணம் வருவதாகச் சொன்னார். அன்றைக்கு ஓர் ஆண் இறால் கிடைத்தால் எழுதலாம், இல்லாவிட்டால் எப்போது என்று சொல்லமுடியாது. பெயரில்லாத பிராணிக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. கிணற்றை மூடினாலும் கெடுத்தாலும் அதற்காக வாய் திறக்க ஆளிருக்காது. எனக்கு அந்த ஆண் வேண்டும். வேறெதையும் அந்த நாட்களில் நான் யோசிக்கவில்லை.

இவ்வளவையும் மச்சாளிடம் சொல்லவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மச்சாள் சுத்த சைவம். முட்டை கூட அந்தப் படலைக்குள் வராது. என் பிள்ளைகள் அங்கே போகும்போது கைப்பையில் மீன் பணிஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவா. திருவிழா நாட்களில் கோயில் மடைக்கு, படையல் சமைக்க, போவது அவவின் கிணற்றுத் தண்ணீர்தான். ஒழுங்கையில் உள்ள அரைவாசிப் பேர் காலையில் தண்ணீர்க் கான்களோடு வந்து அதைத்தான் அள்ளிக்கொண்டு போகிறார்கள். சண்டை தொடங்கிய காலத்தில் அந்த வீட்டை விட்டுப் போனவ, இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி திரும்பக் கிடைக்கும்வரை எத்தனையோ வருடங்கள் மற்றவர்களின் கிணற்றில் கேட்டுக் கேட்டுத் தண்ணீர் அள்ளியவ. அப்படிப்பட்டவவிடம் போய், உங்கள் தண்ணீரில் இறால் இருக்கிறது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? தொலைபேசியில் சுருக்கமாக முடித்தேன்.

"சனிக்கிழமை கம்பசிலை இருந்து ஆக்கள் வருகினம் மச்சாள். தண்ணி சோதிக்க."

பல்கலைக்கழக ஆள் வருவது மெய்தான், பொய் என்றும் சொல்லமுடியாது. ஆனால் எங்கள் ஆட்களிடம் சோதினை என்ற சொல்லைச் சொன்னால் என்ன நடக்கும் என்று, சோதினைக்குப் பிள்ளைகளை அனுப்பியே காலம் கழிக்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பேராசிரியரோடு படலையைத் திறந்ததும் மணம் வந்தது. முதலில் குசினியில் சுடுகிற வடையின் மணம். அதற்குப் பின்னால் குளோரின். மச்சாள் நல்ல சேலை உடுத்து, நெற்றி நிறைய விபூதியோடு கிணற்றடியில் நின்றா. கட்டுச் சுவர் பல்லுத் தீட்டியது போல வெள்ளையாக இருந்தது.

"நேற்று முழுக்க மெசின் போட்டு இறைச்சு, அடிவரைக்கும் தேய்ச்சு, குளோரினும் போட்டாச்சு. இனி எந்தச் சோதினைக்கும் பயமில்லை," என்றா.

இறால் ஏதும் இருந்திருந்தால் நேற்றே தண்ணீரோடு போயிருக்கும். நல்ல காரியம் என்றால் கிணறு இறைப்பது எங்கள் வழக்கம். வெளியாட்கள் வந்து பார்க்கிறார்கள், அதுவும் படித்தவர்கள் என்றால் இறைக்காமல் விடுவார்களா? நானென்றாலும் இறைத்திருப்பேன். பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, மச்சாள் நீட்டிய தட்டத்திலிருந்து தலையசைத்து ஒரு வடையை எடுத்துக் கடித்தார். அந்த மரியாதை எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

இருந்தாலும் வலையை இறக்கினோம். பத்துத் தரம் இறக்கியிருப்போம். ஒவ்வொரு முறையும் குளோரின் வீசுகிற வெறும் தண்ணீர்தான் வந்தது. மச்சாள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறையும் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தா, ஒரு தூசியும் இல்லையே என்று. பதினோராவது தரம் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் மற்றவர் வீட்டுக் கிணற்றடியில் நின்று அழுவது வெட்கம்தான். அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்: இறால், ஆண் இறால், பேராசிரியரின் விடுமுறை, என் பொய்.

மச்சாள் வடைத் தட்டத்தைக் கிணற்றுக் கட்டில் வைத்தா.

"அப்ப நான் இவ்வளவு நாளும் மச்சத் தண்ணியோ குடிச்சனான்?"

மச்சம் என்றால் மீன், இறைச்சி; அந்த வீட்டில் நான் கேட்டிராத சொல். பேராசிரியர்தான் நல்ல வேலை செய்தார். கார் டிக்கியைத் திறந்து நுணுக்குக்காட்டியை எடுத்து, விறாந்தை மேசையில் வைத்து, நான் போத்தலில் கொண்டுவந்திருந்த இறால்களில் ஒன்றைத் தட்டில் இட்டு மச்சாளைக் கூப்பிட்டார். கிட்டப் போகமாட்டேன் என்று நின்றவ, கடைசியில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தா. குனிந்தவ நிமிரவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாவோ தெரியாது. கண் இல்லையா என்று கேட்டா. இல்லை என்றேன். எப்போதிருந்து இங்கே இருக்கிறது என்று கேட்டா. மனுசர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இருக்கும் என்று பேராசிரியர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். மூக்கைப் பொத்தியிருந்த கை எப்போது கீழே இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை.

அப்போதும் கோபம் போகவில்லை. ஆனால் கோபம் இறால் மேல் அல்ல.

"நீர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன, ஊரைக் கூட்டியே கத்தியிருப்பன்?"

சரியான கேள்வி. இருபது வருடங்களாகப் பழகியும் அவவை நான் பூசையறையும் மடைப்பள்ளியுமாகத்தான் நினைத்து வைத்திருந்தேன். அந்த நிமிடம் எனக்கு என் மேல்தான் வெட்கம் வந்தது.

பிறகு மச்சாள் ஒரு கேள்வி கேட்டா. இது கிணற்றுக்குள் வாழ்கிறதா, கல்லுக்குள் வாழ்கிறதா? கல்லுக்குள்தான், கிணற்றுக்குள் தவறித்தான் வருகிறது என்று பேராசிரியர் சொன்னார். மச்சாள் என் பக்கம் திரும்பினா.

"கல்லுக்குள்ளை இருக்கிறதைக் கிணத்துக்குள்ளை தேடினால் வருமோ? வடக்குப் பக்க ஊற்றிலை வலையைக் கட்டச் சொல்லும்."

இராணுவம் காணியைத் திருப்பி விட்ட முதல் வாரம் அந்தக் கிணறு நிறையக் கல்லும் கட்டையும் தகரமும் கிடந்ததாம். எல்லாவற்றையும் அள்ளி முடிந்த பின்னேரம், இனித் தண்ணீர் வராது என்று எல்லாரும் கைவிட்ட நேரத்தில், வடக்குச் சுவரின் அடியில் ஒரு வெடிப்பிலிருந்து தண்ணீர் பாய்ந்து வந்ததாம். கிணற்றுக் கட்டில் இருந்து அதைப் பார்த்தபடி தான் அழுததாக மச்சாள் சொன்னா. அந்த வெடிப்பு எந்தக் கல்லுக்குக் கீழே என்று அவவுக்கு இன்றைக்கும் தெரியும். வலை எடுத்துத் திரிந்த எனக்குத் தெரியாது.

முதல்நாள் கிணறு இறைத்த ஆளை மச்சாள் திரும்பக் கூப்பிட்டா. நேற்று இறைத்த கிணற்றை இன்றும் இறைக்கச் சொல்கிற வீட்டை அவர் கண்டதில்லை. மெசினைப் பூட்டிக்கொண்டே எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். குளோரின் தண்ணீரைப் பயிர் இல்லாத பக்கமாக ஓடவிட்டோம். அடி தெரிந்ததும் அவர் ஏணியில் இறங்கினார். மச்சாள் மேலே நின்று விரல் நீட்டி, இடது பக்கம், இன்னும் கீழே, அந்தக் கறுத்தக் கல்லுக்குப் பக்கத்தில் என்று சொல்லச் சொல்ல, என் வலையை வெடிப்பின் வாயில் கல்லடுக்கி இறுக்கினார். தண்ணீர் வலைக்குள்ளால் ஊறி வந்தது. நாங்கள் சோறு சாப்பிட்டோம்.

மூன்று மணிக்கு வலையை எடுத்தோம். கூம்பின் நுனியில் நாலு நூல் துண்டுகள். நாலும் நீந்தின.

பேராசிரியர் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்துப் பார்த்தார். முதலாவது பெண். இரண்டாவது குஞ்சு. மூன்றாவதில் நெடுநேரம் நின்றார். பிறகு கதிரையை விட்டு எழும்பி, என்னை அதில் இருத்தினார். இரண்டாவது நீச்சல் கால், உட்பக்கம், சின்னக் குச்சி, அதன் மேல் முட்கள். இருபது வருடங்களாகச் சோக்கால் வரைந்த அந்தக் குச்சியை அன்றுதான் உயிரோடு பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். மச்சாள் என்னைத் தள்ளிவிட்டுத் தானும் பார்த்தா. அவவுக்கு என்ன தெரிந்ததோ, ஓம் ஓம் என்று தலையாட்டினா.

ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு அவவே சொன்னா. இரண்டு வீட்டுக்காரர் சில நாள் வரவில்லை. அழுக்குத் தண்ணீரில் இது இருக்காது என்று மச்சாள் படலையில் நின்று விளக்கம் கொடுத்த பிறகு கான்கள் திரும்பி வந்தன. இப்போது குளோரின் போடுவதில்லை. சுட வைத்துத்தான் குடிக்கிறா. மடைக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பற்றிக் கோயில் ஐயரிடம் கேட்டாவாம். அவர் தண்ணீரை வடித்தெடுக்கச் சொன்னாராம், வடித்ததில் அகப்படுவதைத் திரும்பக் கிணற்றில் விடவும் சொன்னாராம்.

கட்டுரை எழுதி முடிய ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. படங்கள் நான் வரைந்தேன். முதன்முதலாகப் பிடித்த இடத்தைத் துல்லியமாகக் குறிக்கவேண்டும் என்ற பகுதி வந்தபோது, சரிபார்க்க மச்சாளிடம் கொண்டுபோனேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்: தெல்லிப்பழைக்கு வடக்கே, சுண்ணக்கல் நிலம், கிணறு.

"இதைப் பிறகு ஆரும் வந்து மாத்த ஏலுமோ?"

ஏலாது என்றேன். பின்னால் வருகிறவர்கள் இனத்தின் பெயரையே மாற்றினாலும், அது முதலில் கிடைத்த இடம் இதுதான் என்பதை யாரும் மாற்றமுடியாது, அதுதான் முறை.

"அப்ப கிணறு எண்டு மட்டும் போடாதையும். ஆக்கள் இருக்கிற வீட்டுக் கிணறு எண்டு போடும்."

அப்படியே திருத்தினேன்: குடும்பம் வாழும் வீட்டின், புழக்கத்தில் உள்ள கிணறு. எங்கள் கட்டுரையில் எத்தனையோ வரிகளை வெட்டிய பதிப்பாசிரியர், அந்த வரியில் கைவைக்கவில்லை.