அப்பா ஓட்டிய ஒரிஜினல் ரயில்

அப்பா கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் விடியும் முன்பே குளித்துவிட்டு, போக இடமில்லாமல் மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்காமல்தான், கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருப்பதை அவரிடம் சொன்னேன். தரமணியில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் அதைப் பென் டிரைவில் இலவசமாகவே தருவதாகச் சொல்லியிருந்தார்.

"டிக்கெட் இல்லாம ஏறுறவங்கள எவ்வளவோ பாத்திருக்கேன். நான் அந்தக் கூட்டத்துல சேர மாட்டேன்மா. ஒரிஜினலே வாங்கு" என்றார் அப்பா.

வாங்கினேன். அடுத்த சில மாதங்கள் அவர் ஏதோ ஒரு ஐரோப்பிய மலைப்பாதையில் இருந்தார். அம்மா காபி கொண்டுவந்து நின்றால், "அடுத்த ஸ்டேஷன் வரட்டும்" என்பார். இரண்டு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்த நாளில் யாரோடும் சரியாகப் பேசமாட்டார்.

மழைக்காலம் வந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் இருந்தது, இணையம் மட்டும் மூன்று நாள் இல்லை. விளையாட்டைத் திறந்தால், நீங்கள் உண்மையான வாடிக்கையாளர்தானா என்று சரிபார்க்க இணையத்தில் வாருங்கள் என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது.

"என் வீட்ல ஓட்டுறதுக்கு எவன்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?" என்றார் அப்பா.

அந்த மூன்று நாளும் வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர். அங்கே தன் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்ட அந்தப் பென் டிரைவ் நண்பர், பொழுது போக அதே ரயிலைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். அவரிடம் எந்தப் பெட்டியும் எதையும் கேட்கவில்லை. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

ஈரத்தில் எங்கள் கணினி பழுதானது. தி. நகரில் ஒரு கடையில் மதர்போர்டை மாற்றிக் கொண்டுவந்தேன். விளையாட்டுக்கு அது புதுக் கணினியாகத் தெரிந்தது. முன்பே ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றியிருந்தோம். அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிகமான கணினிகளில் இதை ஓட்டுகிறீர்கள் என்று சொல்லிப் பூட்டிக்கொண்டது.

அப்பா நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். அலுவலக வழக்கப்படி, "கீழே கையொப்பமிட்டுள்ள நான்" என்று ஆங்கிலத்தில் தொடங்கி. ஒவ்வொரு பதிலும் வேறொருவர் பெயரில் வந்து முதலிலிருந்து விசாரித்தது. கணக்கைப் பலர் பகிர்ந்துகொள்வதாகச் சந்தேகிக்கிறோம் என்றது ஒன்று. ரசீதை முகத்தருகே பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்புங்கள் என்றது இன்னொன்று. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சுவரோரம் நின்றார். அம்மா படம் எடுத்தார்.

"இதுல நெஜமாவே திருடன் மாதிரிதான் இருக்கீங்க" என்றார் அம்மா.

படம் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது.

"நான் என்ன திருட்டு ரயிலா ஓட்டுறேன்?" என்று அப்பா என்னைக் கேட்டார். மறுநாள் காலையிலிருந்து மறுபடி கூடத்தில் உட்கார ஆரம்பித்தார்.

ஃபேனில் சத்தம் வருகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கணினியைத் தி. நகர் கடைக்கே தூக்கிப் போனேன். பழுது பார்ப்பவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரிஜினலா வாங்கினீங்க? அதான் மேடம் ப்ராப்ளமே. ஓசி காப்பி வச்சிகினு கீறவன் எவனும் எங்கிட்ட வந்து நின்னதில்ல. அவனுக்கு அது பாட்டுக்கு ஓடிக்கினு கீது."

"அப்பா கண்டுபிடிச்சிடுவார்."

"இன்னாத்த கண்டுபுடிப்பாரு? அதே வண்டி, அதே ரூட்டு. பூட்டு மட்டும் இருக்காது."

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

வீட்டில் ரயில் முதல் அழுத்தலிலேயே புறப்பட்டது. முன்பைவிட வேகமாகத் திறப்பதாக அப்பாவே சொன்னார். "போட்டோ அனுப்பினேன் பாரு, அதான் கம்பெனி சரி பண்ணிட்டான்" என்றார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

ஈஸ்டருக்கு முன் சாந்தோம் கோவிலில் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றபோது, காசு கொடுத்து வாங்கிய பொருளையே திருடியது பத்துக் கட்டளைகளில் எதற்குள் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் உண்மையை மறைத்ததை மட்டும் சொன்னேன்.

அதற்குள் அப்பா நிறுவனத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பியிருந்தார். இந்தமுறை ஒரே நாளில் பதில் வந்தது. உங்கள் பிரச்சினையைத் தீர்த்து வைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி, எங்கள் சேவைக்கு நட்சத்திரம் கொடுங்கள் என்று.

அப்பா ஐந்தும் கொடுத்தார். நேர்மையான வாடிக்கையாளரை மதிக்கத் தெரிந்த நிறுவனம் என்று கீழே ஆங்கிலத்தில் எழுதி, "ஸ்பெல்லிங் சரியா இருக்கா பாரும்மா" என்று என்னைக் கூப்பிட்டார். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சேர்த்துக் கொடுத்தேன்.